யளனகபக

"மாஷிமா, எட்டா ஆர் சோல்பே நா" என்றான் சாந்தினி மார்க்கெட்டிலிருந்து வந்த மெக்கானிக். இது இனிமேல் ஓடாது என்று அர்த்தம். அவன் சொன்னது மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைத்தான். ஆனால் அதன் முன்னால் நாற்காலியில் என் கணவரும் உட்கார்ந்திருந்தார். வாயைக் கழுவுடா என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு அவனுக்கு டீ போடப் போனேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் செவன். அதைக் கம்பெனியே கைவிட்டு எத்தனையோ வருடம் ஆகிறதாம். புதிதாக எதையும் ஏற்ற முடியாது, பாதி வெப்சைட் திறக்காது, வைரஸ் வரும் என்று மெக்கானிக் அடுக்கினான். வரட்டுமே! அதில் திருட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுச் சண்டையைத்தான் படித்துவிட்டுப் போக வேண்டும். ஏனென்றால் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதே அந்தக் கம்ப்யூட்டரில்தான்.

இவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கும்பகோணத்தில் இளவட்டமாக இருந்தபோது தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். மாற்றலாகிக் கல்கத்தா வந்து பவானிபூரில் குடித்தனம் போட்ட பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. கம்ப்யூட்டர் வாங்கியதும் யாரிடமோ கேட்டு, பழைய டைப்ரைட்டர் கட்டைகளின் வரிசையிலேயே தமிழ் வருகிற ஒரு ஃபாண்டை அதில் போட்டுக்கொண்டார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் அழைப்பு, கோயில் உற்சவ நோட்டீஸ் எல்லாம் இவர் கையால்தான். கை சும்மாவே இருக்காது. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக் கம்பியில் இடது கை விரல்கள் தாளம் போடும். "என்னங்க அது?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "யளனகபக. முதல் பாடம். இடது கைக்கு. இதைத் தப்பில்லாம அடிச்சாத்தான் வாத்தியார் அடுத்த பாடமே குடுப்பார்" என்றார். அதன் பிறகு நான் கோபமாக இருந்தால் என் தோளில் அதை அடித்துக் காட்டுவார். நான் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு படுவேன்.

பக்கவாதம் வந்து பேச்சை வாரிக்கொண்டு போயிற்று, வலது கையையும் சேர்த்து. வாயில் வருவது வெறும் சத்தம்தான். வாழ்நாள் முழுக்க ஆபீசில் எழுதிய ஆங்கிலமும், மீன்காரரிடம் கூட வாயாடிய வங்காளமும் எங்கே போயினவோ. எழுதிக் காட்டச் சொன்னால் இடது கையில் பேனா நிற்காது. பையன் போனில் தமிழ்க் கீபோர்டு வைத்துக் கொடுத்தான். அதில் எழுத்துகள் வேறு வரிசையில் இருந்தன. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் மடியில் போட்டுவிட்டார்.

நான்தான் ஒரு காலையில், சும்மா இருக்கிறாரே என்று, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அது முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் நான் குக்கரை இறக்கிவிட்டு வந்துவிடலாம். வந்து பார்த்தால் இடது கை ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடித்திருந்தது. திரையில் பெரிய எழுத்தில், "சாம்பாரில் உப்பு இல்லை. மூன்று மாதமாகச் சொல்ல நினைத்தேன்."

அழுதேன். சிரித்தேன். பிறகு, "உப்பு குறைக்கச் சொன்னது டாக்டர், நானில்லை" என்று சண்டைக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வந்திருக்கிறதா பார் என்பார். நான் கோபித்துக்கொண்டு பேசாமலிருந்தால், "உன் வாய்க்கு இன்று லீவா?" என்று அடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

இதனால்தான் மெக்கானிக் சொன்னதைக் கேட்டுப் பயந்தேன். பெட்டி அடிக்கடி உறைந்து போயிற்று. பாதி வாக்கியத்தில் திரை நீலமாகிவிடும், இவர் அடித்ததெல்லாம் போய்விடும், மேஜையைக் குத்துவார். பழையதையே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? வைத்துக்கொண்டால் என்றைக்கு நின்றுபோகும் என்று தெரியாது. மாற்றினால் என்ன ஆகுமென்றும் தெரியாது. யாரைக் கேட்பேன்? பையனைக் கேட்டேன். அவனுக்குச் சோறு போடுவதே கம்ப்யூட்டர்தானே.

பூஜை லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்தபோது புது லேப்டாப்பை அவனே கொண்டுவந்தான். பாலிகஞ்சில் வங்காளப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், அதிலும் பாதி வங்காளம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பழசு ஒரு மூலையில இருக்கட்டும்மா. அப்பாவுக்கு அதே கீபோர்டு, ஃபீல் மாறாது" என்று பழைய கீபோர்டைக் கழற்றிப் புதியதில் செருகினான். என்ன அக்கறை, என்ன யோசனை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இவர் அடிக்க ஆரம்பித்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன. வி, ஓ, ஜே, அரைப்புள்ளி, மறுபடி ஜே என்று தலையும் வாலும் இல்லாமல். இவர் நிறுத்தி, பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, மறுபடி அடித்தார். மறுபடியும் அதே குப்பை. வேகமாக அடித்தார். வாயிலிருந்து சத்தம் வந்தது. எச்சில் வழிந்தது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அப்பாவோட மைண்ட்... மானே... அதாவது... போயிருச்சும்மா" என்றான். இவர் காதில் விழும்படி சொன்னான். திரையைப் போனில் படம் பிடித்து எனக்கும் அனுப்பினான்.

நரம்பு டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். பாவம், அவர் வங்காளி, அவர் என்ன கண்டார்? இந்த நோயில் இப்படியும் ஆகும், மூளை மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். பையன் அதைத் தமிழில் எனக்குச் சொன்னான். சக்கர நாற்காலியில் இவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டோம். டாக்சியில் வரும்போது இவர் என் கையைத் தொட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன், சரியாகக் கவனிக்கவில்லை.

லீவு முடிந்து பையன் கிளம்பிப் போனான். நான் இவரை நாற்காலியில் உட்கார வைப்பதை விட்டுவிட்டேன். எதற்கு? இவரும் கேட்கவில்லை. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊட்டினால் தின்றார். சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் போனில் எதையோ தேடும்போது அந்தப் படம் வந்தது. அழிக்கப் போனேன். கண் அந்த அரைப்புள்ளிகளில் நின்றது. வரிக்கு வரி அரைப்புள்ளி. இரண்டெழுத்துக்கு ஒன்று, மூன்றெழுத்துக்கு ஒன்று. புத்தி போனவர் இத்தனை அரைப்புள்ளி வைப்பாரா? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எப்போதோ உற்சவ நோட்டீஸ் அடிக்கும்போது எனக்குக் காட்டியிருக்கிறார். "இந்த அரைப்புள்ளிக் கட்டை இருக்கே, இதுதான் நம்ம மெய்யெழுத்துப் புள்ளி. இது தேய்ஞ்சுபோனா தமிழே போச்சு."

கீபோர்டைப் பழைய கம்ப்யூட்டரில் செருகினேன். அது எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டையில் தேடி அப்படியே அடித்தேன். பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட். பழைய திரையில் அவை தமிழாக வந்தன.

"எழுத்து வரவில்லை. நான் சரியாகத்தான் அடிக்கிறேன். அம்மாவைக் கூப்பிடு. அவளுக்குத் தெரியும்."

ஐயோ, நான் அங்கேதானே நின்றேன்! அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்!

பையனுக்குப் போன் செய்து கத்தினேன். அவன் மெதுவாக, "அது ஃபாண்ட் ப்ராப்ளம்மா. பழைய சிஸ்டத்துலேர்ந்து அந்த ஒரு ஃபைலைக் காப்பி பண்ணிப் போட்டிருந்தா வந்திருக்கும். ரெண்டு நிமிஷ வேலை" என்றான். அவன் அழுவது கேட்டது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இவரைத் தூக்கி உட்கார வைத்தேன். திரையைக் காட்டினேன். "படிச்சிட்டேங்க. நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. மெஷின்தான் தப்பு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தான் அடித்த வரிகளையே நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சண்டைக்காவது வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த நாள் காலையில் கையைக் கட்டைகள் மேல் வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். திரையில் "யளனகபக" என்று இருந்தது. அதன் கீழே இன்னொரு யளனகபக. அதன் கீழே இன்னொன்று. திரை நிறைந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சமும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற பார்வை அது.

"வேற ஏதாவது சொல்லுங்களேன். என்னைத் திட்டுங்களேன்" என்றேன். மறுபடி முதல் பாடத்தையே ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அது ஒன்றுதான். ஒரு வார்த்தை இல்லை. உப்பும் கேட்பதில்லை, வாழைப்பூவும் கேட்பதில்லை. பையன் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டு, "அம்மா, டிசைட் பண்ணியா? பழசா, புதுசா? ஃபாண்டை இங்கேர்ந்தே போட்டுட்டேன், இப்ப ரெண்டுலயும் வரும்மா" என்கிறான். எதுவானால் எனக்கென்னடா? பழசில் அடித்தாலும் புதுசில் அடித்தாலும் இவர் என்னோடு பேசப் போவதில்லை. நாங்கள் நம்பவில்லை என்று பார்த்துவிட்டார். இனி முதல் பாடத்திலிருந்து நிரூபித்துக்கொண்டு வருகிறார். பாஸ் போட வேண்டிய வாத்தியார் நான்தான் போலிருக்கிறது. எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தினமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்க்கிறேன். ஒரு இடத்திலாவது விரல் தடுமாறியிருக்காதா, புத்திதான் போய்விட்டது, என் மேல் மனசு விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொள்ள மாட்டேனா என்று தேடுகிறேன். இன்றைக்கும் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.