போடிமெட்டுச் சாலையில் ஒரு பகா எண்

மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களோடு போடியிலிருந்து ஒரே ஜீப்பில்தான் தினமும் ஏறுகிறேன். போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, போடிமெட்டுக்குப் போகும் வழியில் பாறை சரிந்து ரோட்டை மறித்துக் கிடந்தது.

"ஜேசிபி வரணும். எறங்கிக் காலாறுங்க," என்றார் டிரைவர்.

தூறலுக்குப் பயந்து நானும் பக்கத்திலிருந்த சிலமலை ஊர்க்கார அக்காவும் இறங்கவில்லை. அவர் என் போனை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வெறும் நம்பரா ஓடுது?"

இதுவரை கண்டுபிடித்தவற்றில் மிகப் பெரிய பகா எண் அது. முந்தின நாள்தான் வீட்டில் இறக்கி வைத்திருந்தேன்.

"இம்புட்டும் ஒரே எண்ணுக்கா. நாலு கோடி இலக்கத்துக்கு மேல. ஒண்ணாலயும் இதாலயும் தவிர வேற எதால வகுத்தாலும் மிச்சம் விழும்."

"குடுங்க பாப்போம்."

ஏலக்காய்க் கறை ஏறிய கட்டைவிரலால் திரையைத் தள்ளத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு வெடுக்கு வெடுக்கென்று. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சுமூட்டம் ஏறி ஜீப்பைச் சுற்றிக்கொண்டது. அவர் நிமிரவே இல்லை.

"எவ்வளவு தள்ளியும் மாள மாட்டேங்குதே. கடைசியில என்னதான் இருக்கு?"

"ஒண்ணு. ரெண்டை ரெண்டால பெருக்கிக்கிட்டே போயி, பதிமூணு கோடி தடவைக்கும் மேல பெருக்கி, அதுல ஒண்ணைக் கழிச்சா வர்ற எண்ணு இது."

"இதுக்கு மேல பெருசு கெடையாதா?"

வகுப்பில் நூறுக்குள் கடைசிப் பகா எண்ணான தொண்ணூற்றேழோடு நிறுத்திவிடுகிறவள் நான். பாடப்புத்தகம் அதற்குமேல் கேட்பதில்லை. கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நிரூபணத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"இதான் கடைசின்னு வச்சுக்குங்க. ரெண்டு, மூணு, அஞ்சுல இருந்து இது வரைக்கும் உள்ள பகா எண் அத்தனையையும் பெருக்கி, ஒண்ணு கூட்டுங்க. அதை ரெண்டால வகுத்தா ஒண்ணு மிஞ்சும். மூணால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். நம்மகிட்ட உள்ள எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். அப்ப அதுவே ஒரு புது பகா எண்ணா இருக்கணும். இல்லாட்டி, அதை வகுக்க நமக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கணும்."

திரையை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.

"அப்ப முடியவே முடியாதா?"

"முடியாதுக்கா."

சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த எண்ணை யாரும் உண்டாக்கவில்லை. இந்த மலை எழும்பும் முன்பே அது வகுபடாமல்தான் இருந்தது. இதற்கு அப்பாலும் யார் கண்ணிலும் படாதவை முடிவில்லாமல் இருக்கின்றன. பத்து வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்; அதன் பக்கத்தில் நிற்பதுபோல் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

பாறையைத் தள்ளிய பிறகு எல்லோரும் நனைந்தபடி ஏறினார்கள்.

"இந்தா, முடியவே முடியாதாம்டி," என்றார் அக்கா.

"என்னது, மழையா?" என்று ஒருத்தி கேட்க, ஜீப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

மறுநாள் காலை நான் ஏறியதுமே கேட்டார்: "புதுசு எதும் அகப்பட்டுச்சா டீச்சர்?"

"இன்னும் இல்லக்கா."

"இருக்குல்ல. அகப்படும்," என்று தூக்குச்சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.