ஆடிக் கிருத்திகையில் என் பெண்ணை மலையேற்றிப் பார்த்தவர்கள்

மலையைக் கும்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மலை என்றால் என்னவென்றே தெரியாது. எனக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மீசை முளைக்கும் முன்பே சம்மட்டியைத் தூக்கினேன். செங்கல்பட்டைச் சுற்றியிருக்கிற குன்றுகளில் எது தட்டினால் பிளக்கும், எதில் வெடி வைத்தாலும் வீண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் கூலிக்குக் கல் உடைத்தேன், பிறகு குத்தகைக்கு உடைத்தேன், கடைசியில் சொந்தமாகக் குவாரியும் கல்லை ஜல்லியாக்குகிற கிரஷரும் வைத்தேன். கடற்கரைச் சாலையை அகலமாக்கியபோது அதற்குப் போன ஜல்லியில் என்னுடையதும் உண்டு. இன்றைக்கு மாமல்லபுரத்துக்குக் காரில் போய் அலையைப் பார்த்து ‘ஆகா’ என்கிறவர்கள், அதுவரை என் மலைமேல்தான் உருண்டு போகிறார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு, ஆடி பிறந்ததும் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கல்லின்மேல் ஏறி இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? சாமிமேல் எனக்குக் கோபமில்லை. முதல் வெடி வைக்கும் முன் நானும் கற்பூரம் கொளுத்துகிறவன்தான். திருவிழா என்ற பெயரில் நடக்கிற கூத்துதான் எனக்கு ஆகாது. வருஷம் முழுக்க மலைமேல் இருக்கிற அந்த முருகன் கோயிலில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்காதவன், ஆடிக் கிருத்திகை அன்றைக்கு நோட்டீசில் தன் பெயர் சின்னதாக இருக்கிறது என்று கமிட்டிக்காரனிடம் சண்டை போடுவான். அடிவாரத்தில் ராட்டினம், வளையல் கடை, பீப்பி ஊதுகிற பிள்ளைகள். மொட்டை போட்ட தலைகளில் சந்தனம் வெயிலுக்குக் காய்ந்து உதிரும். ஒரு பக்கம் காவடிக்காரன் அருள் வந்து ஆடுவான், அடுத்த நிமிஷம் அவனே மோர்ப் பந்தலில், “எனக்கு முன்னால அவனுக்கு எப்டி ஊத்துன?” என்று கேட்பான். அருள் எங்கே போனதோ தெரியாது.

இந்தத் திருவிழாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதை அங்கேதான் வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் இரண்டு தரப்புக்கும் அசிங்கம். திருவிழா என்றால் வசதி. “அட, நீங்களுமா சாமி கும்பிட வந்தீங்க?” என்று தற்செயலாகப் பார்த்ததுபோல் நடிக்கலாம். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் பொரி வாங்கிக்கொண்டு அவரவர் வழி. பெரிய மனிதர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. கோழைகளுக்கு ரொம்பவும் ஏற்றது.

என் பெண்ணையும் அப்படித்தான் காட்டினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. மாப்பிள்ளைப் பையன் கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மத்திய அரசு வேலையில் இருந்தான். எங்கிருந்தோ வந்து குடியேறிய குடும்பம். அப்பா இல்லை, அம்மாள்தான் எல்லாம். அந்த மாதிரி சம்பளக்காரர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்றாம் தேதியைத் தவிர வேறெதையும் நம்பாத ஜனங்கள். ஆனாலும் அந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது. காரணம் என் பெண்ணின் மூச்சு.

அவளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. அப்போது கிரஷரை ஒட்டித்தான் எங்கள் வீடு. துணி காயப்போட்டால் கல்தூசியில் வெள்ளையாகிவிடும். டாக்டர் சொன்னதும் குடும்பத்தையே மதுராந்தகத்துக்கு மாற்றினேன். ஏரிக் காற்றில் அவள் தேறினாள். கல்லூரி முடித்து, குவாரி ஆபீசில் உட்கார்ந்து லாரி டிரைவர்களை என்னைவிட நன்றாகத் திட்டினாள். ஆனாலும் அவளைக் கடற்காற்றில், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அந்த நிலையத்து ஊழியர் குடியிருப்பில் இரண்டும் இருந்தன. அதற்காக அந்த அம்மாளின் ஓயாத பல்லிளிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கிருத்திகை அன்றைக்கு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் தரகர் ஓடி வந்து ஜன்னலில் தலையை விட்டார்.

“அண்ணாத்த, அவங்க வந்துட்டாங்க. ஒரே ஒரு விசயம். பொண்ணு மேல வரைக்கும் ஏறணுமாம்.”

“சாமி கும்பிட வந்தா ஏறாம, உருள்றதா?”

“அதில்ல அண்ணாத்த. நிக்காம ஏறணுமாம். யாரோ போய் ஓதிகீறாங்க, கிரஷர் வூட்டுப் பொண்ணுக்கு நெஞ்சு சரியில்லன்னு. அந்தம்மா கண்ணால பாக்கணும்னு சொல்லிகினு கீது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை ஜன்னல் வழியாகவே உள்ளே இழுத்திருப்பேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“ஏறுறேன் நைனா. இன்னா இப்போ? மலைதானே,” என்றாள்.

என் மனைவி அவளுடைய கைப்பையை வாங்கி, மூச்சு முட்டினால் வாயில் அடித்துக்கொள்கிற மருந்தை அடியில் தள்ளி, மேலே கைக்குட்டையை வைத்து மூடினாள். “தேவைப்பட்டா யாரும் பாக்காம அடிச்சிக்கோ,” என்றாள். பெண் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

வளையல் கடை முன்னால் தற்செயலான சந்திப்பு நடந்தது. அந்த அம்மாள் பட்டுப் புடவை, தோளில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பையன் இன் பண்ணிய சட்டையோடு, யாரோ நிற்க வைத்துவிட்டுப் போன சைக்கிள் மாதிரி பக்கத்தில் நின்றான். இரண்டு வார்த்தை ஆனதும் அம்மாள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“வந்ததே வந்தோம், எல்லாரும் மேல போய்ட்டு வந்துடலாமே. பொண்ணு முன்னாடி போகட்டும். சின்னப் பிள்ளை, அதுக்கென்ன, பறந்துடும்.”

ஏற ஆரம்பித்தோம். முன்னால் என் பெண், அவளுக்குப் பின்னால் அந்த அம்மாளும் பையனும், கடைசியில் நானும் என் மனைவியும். தரகர் வயிற்று வலி என்று சொல்லி அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். அந்த ஆளுக்குப் புத்தி இருந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த அம்மாள் என் பெண்ணின் முதுகைப் பார்த்தாள். தோள் எவ்வளவு ஏறி இறங்குகிறது, எங்கே கை இடுப்புக்குப் போகிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்த்தாள். பார்க்கிற மும்முரத்தில் அவளுக்கே இரைத்தது; அது அவள் கணக்கில் வராது போலிருக்கிறது. இரண்டு பக்கமும் காவடிகள் அரோகரா போட்டுக்கொண்டு ஏறின. முருகனுக்கு அன்றைக்கு எத்தனையோ வேண்டுதல் வந்திருக்கும். இந்த மாதிரி ஒரு வேண்டுதல் வந்திருக்காது.

பாதி மலையில் ஒரு கல் மண்டபம், அதில் ஒரு மோர்ப் பந்தல். என் பெண் அங்கே நின்றாள். களைப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அவள் மூச்சு தெரியும், பழைய லாரி இன்ஜின் மாதிரி சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். மோர் வாங்கிக் குடித்தாள். அந்த அம்மாள் பையனைப் பார்த்தாள், ‘நின்னுட்டா’ என்கிற மாதிரி. பிறகு தூரத்தில் புகை மாதிரி எழுந்த வெள்ளையைக் கை காட்டினாள்.

“அங்க என்ன அப்படித் தூசி கிளம்புது?”

“எங்க கிரஷருங்க,” என்றாள் என் பெண். திருவிழாவுக்கெல்லாம் லீவு விடுகிற வழக்கம் என்னிடம் இல்லை.

“அய்யோ, அந்தத் தூசியிலயா வளர்ந்த?” அம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “நெஞ்சுல ஒண்ணும் இல்லையேம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க,” என்று என் மனைவி அவசரமாகக் குறுக்கே வந்தாள். “சளிகூடப் பிடிக்காது இவளுக்கு.”

என் பெண் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த மருந்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மண்டபத்துக் கல்லின்மேல் வைத்தாள்.

“ஸ்கூல் படிக்கசொல்ல எனக்கு இழுப்பு இருந்திச்சி. இப்போ இல்ல. ஐப்பசி மழையில என்னிக்காவது வரும், இத்த அடிச்சிக்குவேன், போயிடும். இன்னா தெரியணுமோ என் மூஞ்சப் பாத்துக் கேளுங்க, சொல்றேன். என் முதுகப் பாத்துகினே வராதீங்க.”

மண்டபத்தில் மோர் ஊற்றுகிறவன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டான்.

அவள் பையன் பக்கம் திரும்பினாள். “நீங்க இன்னா சொல்றீங்க?”

அந்தப் படித்த பிள்ளை வாயைத் திறந்தான், மூடினான், பிறகு சொன்னான்: “அம்மா என்ன சொல்றாங்கன்னு...”

அவ்வளவுதான் வந்தது. மத்திய அரசு இவனை நம்பி அத்தனை பெரிய இயந்திரங்களை விட்டு வைத்திருக்கிறதே என்று எனக்கு அந்த நிமிஷம் நாட்டைப் பற்றிக் கவலை வந்தது.

அம்மாளின் சிரிப்பு போய்விட்டது. “மறைச்சுத் தள்ளி விடப் பார்த்திருக்கீங்க,” என்றாள் என்னிடம். “நல்ல வேளை, பொண்ணே சொல்லிடுச்சு. வாடா.” இரண்டு பேரும் இறங்க ஆரம்பித்தார்கள். முருகனைப் பார்க்க வந்தவர்கள், பாதி மலையோடு அவரையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

என் மனைவி என்னைப் பிடித்து உலுக்கினாள். “நின்னுகினு கீறியே! ஓடிப் போய் சமாதானம் பண்ணு. டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தரோம்னு சொல்லு. இந்த இடம் போனா இன்னொண்ணு வராதுய்யா. இவளுக்கு வாய்கூட அப்பன் வாய், எவன் கட்டுவான்?”

கீழே பார்த்தேன், அந்த அம்மாள் ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் இறங்கினாள். யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற இறக்கம் அது. எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். விலை பேசிவிட்டுப் போகிறவன் அப்படித்தான் போவான். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பாள். டாக்டர், சான்று, இன்னும் கொஞ்சம் நகை, ஒரு வண்டி என்று முடிந்திருக்கும். என் பெண் கடற்காற்றில் இருந்திருப்பாள். என் மனைவி சொன்னது தப்பே இல்லை.

மேலே பார்த்தேன். என் பெண் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு காவடிக் கூட்டத்துக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாளைக் கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். எவ்வளவோ ஆபீசர்களிடம் எவ்வளவோ பேசிக் காரியம் முடித்தவன் நான். இதையும் பேசி முடித்திருப்பேன். ஆனால் அந்த வீட்டில் இவள் மழைக்காலத்தில் ஒரு தடவை இருமினால், மாமியார் கதவுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். பையன் அம்மா முகத்தைப் பார்ப்பான். என்ன காற்று அடித்து என்ன பிரயோஜனம்?

நான் மேலே ஏறினேன். என் மனைவி திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

வெடி வைத்து மலையைப் பெயர்ப்பது வேறு, ஐம்பதைத் தாண்டிய வயிற்றோடு அதில் ஏறுவது வேறு. உச்சிக்கு வந்தபோது எனக்குக் கண் இருட்டியது. சன்னதியில் தள்ளுமுள்ளு. தீபாராதனை காட்டுகிறவர் தட்டையே பார்த்துக்கொண்டு காட்டினார். சாமி அலங்காரத்தில் இருந்தார், எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவனின் மொட்டைதான். வெளியே வந்து ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். நெஞ்சு விசில் அடித்தது.

என் பெண் எதிரே வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் பார்த்த மாதிரியே என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு சீராக இருந்தது.

“நைனா, உன்னத்தான் யாரும் கட்டிக்க மாட்டாங்க,” என்றாள்.

படி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்த என் மனைவிக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி சிரிப்புக்காக வந்தது இல்லை, எனக்குத் தெரியும்.

இறங்கி வந்தபோது தரகர் வண்டிக்குப் பக்கத்தில் பொரி தின்றுகொண்டு நின்றார். வயிற்று வலி குணமாகிவிட்டது போலிருக்கிறது.

“அண்ணாத்த, அந்தம்மா கோச்சிகினு கீது. ஆனா முழுசா விட்டுடலே. நீங்க ஒரு வார்த்த எறங்கி வந்தா முடிச்சிடலாம்னு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. இன்னா சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்லாதே,” என்றேன். “பஸ் வந்தா ஏறிக்குவாங்க.”

வண்டியை எடுத்தேன். பின்சீட்டில் என் பெண் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தாள்.