வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். கொடியில் கிடந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டேன். பனியில் நேற்றைவிட ஈரமாக இருந்தன. ஆறு மணிக்கு என் பல்லைத் துலக்கினேன். ஆறேகாலுக்கு நாயின் பல்லைத் துலக்க உட்கார்ந்து, ஆறு இருபதுக்குத் தோற்று எழுந்தேன்.

அது ஒன்பதாம் நாள்.

நாய்க்கு எட்டு வயதிருக்கலாம். நான் மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்தபோது வாடகை வீட்டோடு சேர்ந்து கிடைத்தது. சென்ற மாதம் அதன் வாய் நாறத் தொடங்கியது. சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கி, பல்லில் படிந்த மஞ்சள் காரையையும் சிவந்த ஈறையும் காட்டினார். பிறகு மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பதினஞ்சு நாள் தெனமும் தேச்சுப் பாருங்க சார். ஈறு ஆறலைன்னா மயக்க ஊசி போட்டுத்தான் சுத்தம் பண்ணணும். இதோட நெஞ்சுத் துடிப்பு சரியில்ல. ஊசியைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

நம்முடைய பற்பசை நாய்க்கு ஆகாது என்று கோழி மணம் வீசும் பசை ஒன்றை எழுதிக் கொடுத்தார். குழந்தைகள் பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் புரியாதது இதுதான்: பசை அதற்குப் பிடித்திருந்தது. பிரஷ்ஷும் பிடித்திருந்தது, ஒருமுறை கவ்விக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குள் ஓடியது. நான் தலையைத் தடவினால் வாலாட்டியது. பிரஷ்ஷை வாய்க்குள் விட்டால் மட்டும் உறுமியது. அப்படியானால் பிடிக்காதது எது? ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன்: உட்காரும் இடம், நேரம், தண்ணீரின் சூடு, கடைசியில் என் சட்டை. எல்லாவற்றையும் குறித்தும் வைத்தேன். நாய்க்கு நாற்பத்திரண்டு பல் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்க்க ஆசை. பதினொன்றைத் தாண்டியதில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை முயன்றேன். வீட்டுக்காரம்மா வாசலில் காயப்போட்ட மிளகை அள்ள வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏனுங்க சார், பல்லு தேய்க்கறீங்களா, இல்ல பஞ்சாயத்துப் பேசறீங்களா?"

"வைத்தியமுங்க."

"மெதுவாச் சொல்லுங்க. எங்கூட்டு ஆடுங்க காதுல உழுந்தா அதுகளும் பிரஷ்ஷு கேக்கும்."

நாய் உறுமியது. கையை இழுத்துக்கொண்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"தெனமும் அந்தப் பக்கமேதான் தொடங்குவீங்களா?"

"ஆமாங்க. எதையும் வலப்பக்கம்தானே தொடங்கணும்?" நாய்க்கு எதிரே உட்கார்ந்தால் என் வலம் வேறு, அதன் வலம் வேறு. அதன் வலம்தான் சரி என்று முதல் நாளே யோசித்து முடிவு செய்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் நாயே திரும்பிப் பார்த்தது.

"வலது காலை எடுத்து வெச்சு வர அது என்னங்க புதுப்பொண்ணா?"

மிளகுக் காரம் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நாய்க்கு எதிரே உட்காரவில்லை. பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்து அதை அணைத்துக்கொண்டார். சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்பவர்கள் அப்படித்தான் அணைத்துக்கொள்வார்கள். "சாமி, காட்டு கண்ணு" என்று கட்டை விரலால் இடது உதட்டை மட்டும் உயர்த்தினார். நாய் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் விரலைக் கொண்டுபோனார். விரல் படும் முன்பே அதன் கண்ணோரத் தோல் துடித்தது.

"இங்கதானுங்க நோவு, கடைசிப் பல்லுல. எடுத்ததுமே நோவற எடத்துல கைய வெச்சா, நல்ல பல்லை மட்டும் எப்படிங்க காட்டும்?"

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஒன்பது நாளும் ஒரே தொடக்கம்: "வலது மேல் கடைவாய்." சட்டையை மாற்றிய நாளிலும் அதை மாற்றவில்லை. மாற்றக்கூடியது என்றே அது எனக்குப் படவில்லை.

அவர் உதட்டைப் பிடித்துக்கொள்ள, இடப்பக்கம் முழுவதையும் துலக்கினேன். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பல்லின் உட்புறத்தை, நாக்குப் பக்கத்தை, நாயே நக்கிக்கொள்கிறது. கடைசியில், விரலில் ஈரத்துணியைச் சுற்றி வலப்பக்கத்துப் பல்லை ஒரே ஒருமுறை தொட்டேன். உறுமியது, ஆனால் எழுந்து போகவில்லை. துணியில் கடுகளவு ரத்தம்.

"போதுமுங்க, இன்னிக்கு உட்ருங்க" என்று அவர் முறத்தை எடுத்துக்கொண்டார்.

மீதி ஆறு நாள். ஈறு ஆற அது போதுமா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை எழுந்ததும் வழக்கம்போல் பாலுக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாய்க்குப் பக்கத்தில், அது பார்த்த திசையையே பார்த்து உட்கார்ந்து, இடது உதட்டை உயர்த்தினேன்.