தாழ் இல்லாத கதவும் சிவப்பு அம்புகளும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லவில்லை, என் அம்மா சொல்வது. பனியன் கம்பெனியில் ஃபேன் சத்தத்துக்கும் மெஷின் சத்தத்துக்கும் நடுவில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருபவருக்கு வீட்டில் என் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். ஆனால் ப்ளஸ் டூ படிக்கும்போது நான் செய்த காரியத்துக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிப்பவளுக்குச் சிரிப்பு வந்தாலோ, யாராவது கூப்பிட்டாலோ உள்ளே இருப்பவள் கதி அதோகதிதான். வகுப்பு டீச்சரிடம் சொன்னோம். புகார்ப் பெட்டியில் எழுதிப் போடச் சொன்னார். போட்டோம். பெட்டியின் சாவி தொலைந்துபோய் வெகுகாலமாகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாவோ அக்காவோ இதே வேலைதான். மிச்சம் மீதி ஸ்டிக்கர் எல்லார் வீட்டிலும் கிடக்கும். நாங்கள் அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு திரிவோம். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு என் தோழிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பையில் இருந்த ஓர் அம்பை எடுத்து, தாழ் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டி ஒட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாள் பள்ளியைப் பார்க்க வேண்டுமே! ஆடும் பெஞ்சில் அம்பு. தண்ணீர் வராத குழாயில் அம்பு. சுற்றாத ஃபேனில் எவளோ மேசை மேல் ஏறி ஒட்டியிருந்தாள். புகார்ப் பெட்டியின் பூட்டில் ஒன்று. தலைமையாசிரியை அறைக் கதவின் கைப்பிடியில்கூட ஒன்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தலைமையாசிரியை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தார். அவருக்கு இந்த அம்பு எதையும் சொல்லவில்லை, அல்லது வேறு எதையோ சொல்லிவிட்டது. நேராக எங்கள் வகுப்புக்கு வந்தார்.

“படிக்கிற வயசுல அம்பு விட்டு வெளையாடுதீங்களா? எவம்டீ அவன்?”

வகுப்பே சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. நான் எழுந்து நின்றேன். எனக்குப் பயத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

“அவனெல்லாம் யாருமில்லீங்க டீச்சர். மொதல்ல ஒட்டுனது நானுங்க.”

எல்லா அம்புகளையும் உடனே பிய்த்துப் போடும்படி அவர் மற்றவர்களிடம் சொன்னார். ஒருத்தியும் நகரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, மகா சாது, அன்றுவரை டீச்சர்களிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், மெல்ல எழுந்து, “சரி பண்ணாம ஸ்டிக்கரப் பிரிக்கக் கூடாதுங்க டீச்சர்” என்றாள்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் கேட்டு வளர்ந்ததைச் சொன்னாள். குறையைச் சரிசெய்யாமல் அம்பை மட்டும் பிய்த்தால் அந்தத் துணி அப்படியே ஏற்றுமதிப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு மொத்தச் சரக்கும் திரும்பி வரும். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூட அந்த அம்பில் கை வைக்காது. தலைமையாசிரியைக்கு இது எங்கே தெரியும்? பள்ளியே கூட்டுச் சேர்ந்து தன்னை எதிர்ப்பதாக நினைத்துவிட்டார். நாளை அம்மாவைக் கூட்டி வர வேண்டும், காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றார். ப்ளஸ் டூவில் டி.சி. என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெருமையெல்லாம் இறங்கிப்போனது.

அம்மா சாயங்காலம் வந்ததும் ஒரு மூச்சு திட்டி முடித்தார். “உன்னால நாளைக்கு அர நாள் லீவு கேக்கோணும். உனக்கெதுக்குக் கண்ணு ஊரு வம்பு? தப்புத்தானுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ?” தோசை சுட்டுக்கொண்டே என்னை மன்னிப்பு வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எனக்கு அழுகையாக வந்தது. தோசை மட்டும் நன்றாக இருந்தது.

காலையில் தலைமையாசிரியை அறை வாசலில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்ற புள்ள தெரியாம பண்ணிப்போட்டாளுங்க. மன்னிச்சுக்கோங்க டீச்சர்.”

“அப்ப நீங்களே மொதல்ல பிய்ச்சு எடுங்கம்மா. ஒங்களப் பாத்து மத்தவளும் எடுப்பாளுக” என்று கதவைக் காட்டினார் அவர்.

அம்மா கைப்பிடியில் இருந்த அம்பை நகத்தால் நோகாமல் எடுத்தார். எடுத்த கையோடு கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது லொடலொடவென்று ஆடியது. அம்மா வெகு சாதாரணமாக அம்பைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தியும் விட்டார்.

“எதுக்கும்மா திரும்ப ஒட்டுதீங்க?”

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “அய்யோ, கைப்பழக்கமுங்க டீச்சர். இது இன்னும் சரியாகலீங்களே, எப்படீங்க எடுக்கறது?”

தலைமையாசிரியை கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் வழிபாட்டு மணி அடித்துவிட்டது.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் மைக்கை என் கையில் கொடுத்தார். “என்ன சொல்லணுமோ சொல்லு.” மனப்பாடம் செய்திருந்த வாசகம் நாக்கு நுனியில் இருந்தது. வரிசையில் நின்ற என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தப்பு என்று நான் சொன்னால் அந்தக் கதவு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. டி.சி. கொடுத்தால் கொடுக்கட்டும்.

“எங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ் இல்லீங்க டீச்சர். அதத்தான் ஒட்டிக் காட்டுனேன்.”

“மன்னிப்பு?”

“தாழ் போட்டதும் கேக்கறனுங்க டீச்சர்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது. அப்போது ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது: “கொழாயில தண்ணியும் வர்றதில்லீங்க டீச்சர்!” பின்னாலேயே பெஞ்சு, ஃபேன், நூலகத்தைத் திறக்காதது என்று ஆளுக்கொன்றாகக் கத்தத் தொடங்கினார்கள். ஒருத்தி சத்துணவு முட்டை வரவர சிறுத்துக்கொண்டே போகிறது என்றாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கத்தாதீங்கட்டீ! ஒவ்வொருத்தியா வந்து மைக்குல சொல்லுங்க. கேக்கத்தானே நிக்கேன்.”

வரிசை மேடையிலிருந்து பள்ளி கேட் வரைக்கும் நீண்டது. அன்று முதல் பீரியட் நடக்கவே இல்லை. அரைநாள் லீவு எடுத்த அம்மா கடைசிவரை நின்று அத்தனையையும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஆசாரி வந்து தாழ் போட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் முதல் ஆளாக உள்ளே போய் மூன்று தடவை தாழைப் போட்டுத் திறந்து, வேலையே இல்லாமல் வெளியே வந்தேன். நாங்கள் அந்தக் கதவுக்குப் பயந்து, காலையில் நிரப்பிக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே வீட்டுக்குத் தூக்கி வருகிறவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். அன்று மதியம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டே, பாட்டில் காலியாகும் வரைக்கும் தண்ணீர் குடித்தோம்.