பிள்ளைகள் முன்னால் ஊதிக் காட்டியவர்

அச்சங்குளம் போகும் எங்கள் பள்ளி வேனை ஓட்டியவருக்கு ஆறடி உயரம், கரகரத்த குரல். வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும், எல்.கே.ஜி. வாண்டுகளைக்கூட, "வாங்க, பாத்து ஏறுங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவியை அந்த வருடம்தான் பள்ளியில் வாங்கினார்கள். நான் வேதியியல் ஆசிரியன் என்பதால் அது என் கைக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் ஊதியதும் கருவி அலறியது. வேனிலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தாளாளர் வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"பல்லு வலிக்கு இப்பத்தான் சொட்டு மருந்து வச்சேன் சார். வேற எதையும் தொடல."

மருந்துக் குப்பியைப் பார்த்தேன். ஆல்கஹால் கலந்ததுதான்.

"வாயில் மட்டும் இருந்தால் கால் மணி நேரத்தில் போய்விடும் சார். குடித்திருந்தால் ரத்தத்தில் கலந்து மூச்சில் வந்துகொண்டே இருக்கும்" என்று தாளாளரிடம் சொன்னேன்.

டிரைவர் வாய் கொப்பளித்தார். இருபது நிமிடம் காத்திருந்தோம். மறுபடி ஊதியபோது கருவி பூஜ்யம் காட்டியது. தாளாளர் சங்கடத்தோடு சாவியை நீட்டினார். டிரைவர் வாங்கவில்லை.

"இன்னொருக்கா ஊதுறேன் சார். மொதல்ல கத்துனதப் புள்ளைக பாத்துட்டாக. இதையும் பாக்கட்டும்."

வேன் படியில் நின்று ஊதினார். கருவியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "ஜீரோ!" என்று கத்தி, அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"இப்பக் குடுங்க சாவிய" என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

பிள்ளைகள் கைதட்டாமல் இருந்திருந்தால் அன்று அவர் வண்டியை எடுத்திருப்பாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.