கிள்ளான் தள்ளுபடிக் கடையில் ஒரு நிச்சயதார்த்தச் சேலை

என் மனைவி சரோஜாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிறு மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குத் தட்டில் வைக்கும் சேலையை இன்னும் எடுக்கவில்லை. கிள்ளானில் ஒரு துணிக்கடை பாதி விலைக்குத் தள்ளுபடி போட்டிருந்தது. நாற்பத்தொரு வருட இல்லறத்தில் நான் தனியாக ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை.

"தள்ளுபடிச் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டாங்க. தப்பா எடுத்துட்டு வந்தீங்க, சம்பந்தி முன்னால என் மானம் போயிரும்," என்றாள். அவள் சந்தேகம் எனக்கும் இருந்தது.

சனிக்கிழமை காலை 9.05க்கு கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில். முதியோருக்குப் பாதிக் கட்டணம். எனக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட், நாற்பது காசு ஆனது. கிள்ளானில் இறங்கியபோது 10.14. அங்கிருந்து கடை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். என் நடைக்கு ஒன்பது நிமிடம்.

கடை மாடியில் பட்டுச் சேலைகள் குவியலாகக் கிடந்தன. அரக்கு நிறத்தில் ஒன்று பிடித்தது. 480 வெள்ளிச் சேலை 240க்கு. வீட்டிலிருந்து கொண்டுவந்த அளவுநாடாவைப் பையிலிருந்து எடுத்தேன்.

"என்ன அங்கிள், சேலையை அளக்குறீங்க? வீட்டுக்குத் திரை தைக்கப் போறீங்களா?" என்று விற்பனைப் பெண் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். காது சூடேறியது. ஆனாலும் அளந்தேன். ஐந்தரை மீட்டர். ஆறேகால் இருக்க வேண்டும். ரவிக்கைத் துணியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"ஆஃபர் சாமான்லா அங்கிள், அப்படித்தான் இருக்கும். பிளவுஸ் தனியா வாங்கிக்கலாம்."

பேசாமல் பணம் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பிறகு, "இது நிச்சயதார்த்தத் தட்டுல வைக்கிறதும்மா. வெட்டின துணி வைக்கக் கூடாது," என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஐயோ, தட்டுக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!" என்று குவியலுக்குள் கைவிட்டாள். அவள் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்தேன். ஐந்தாவதாக வந்தது மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. ஆறேகால் மீட்டர், முழுச் சேலை. ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. விலை 265 வெள்ளி.

நாடாவைச் சுருட்டும்போது, "அங்கிள், இதையும் அளந்து சொல்லுங்களேன்," என்று சற்றுமுன் சிரித்த ஓர் அம்மா தன் சேலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். மூன்றையும் அளந்தேன், ஒன்று குறைவு. "நல்லவேளை அங்கிள்!" என்று அந்த அம்மா தன் சேலையைக் குவியலிலேயே போட்டுவிட்டார். பணம் கட்டிவிட்டு இறங்கும்போது படி கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். ஆனால் கைப்பிடியைப் பிடிக்க மறந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடை திறந்ததும் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் மாடியில் நிற்க இடமில்லை. மின்விளக்கில் நிறத்தை நம்பாதீர்கள். தள்ளுபடிச் சேலை என்றால் ரவிக்கைத் துணி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கே அரைமணி நேரம் பிடித்தது.

வீட்டில் சரோஜா சேலையை முழுவதும் பிரித்தாள். சரிகையைத் தேய்த்தாள், ரவிக்கைப் பகுதியைத் தேடித் தடவினாள், மடித்து வைத்தாள். பிறகு சம்பந்தியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சேலை எடுத்தாச்சு சம்பந்தி. நான் எங்க போறது? அவருதான் தனியா போயி எடுத்தாரு."

மாலைக்குள் அதையே இன்னும் இருவரிடம் சொன்னாள். மூன்று முறையும் நான் காதில் விழும் தூரத்தில்தான் இருந்தேன்.