எல்லா பட்டனும் 'பட்டன்'னுதான் சொல்லுது

ஊரில் உள்ள குறையையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதில் ஒன்றைக்கூடத் தீர்க்க அதிகாரமில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் என்னுடையது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், முன்பு போல்ட்டு நட்டு செய்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்பெனி. சின்னக் கடைக்காரர்கள் செல்போனிலேயே பில் போடுவதற்கு ஓர் ஆப் செய்து விற்கிறோம். ஆப் மக்கர் பண்ணினால் எழுதுவதற்கும், புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் கேட்பதற்கும் இணையத்தில் ஒரு ஃபோரம் வைத்திருக்கிறோம். அதில் பதில் எழுதுவது நான். நீங்களும் எங்கேயாவது இப்படி ஒரு குறையை எழுதிப் போட்டு, 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு காத்திருந்தவர் என்றால், ஒரு சின்ன ஆறுதல் சொல்கிறேன். அந்தப் பதிலை எழுதினவளும் உங்களோடு சேர்ந்துதான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை செய்யல

ஃபோரத்தில் வருகிற பதிவுகளில் பாதிக்கு இதுதான் தலைப்பு. உள்ளே போய்ப் பார்த்தாலும் இதேதான் இருக்கும். எது வேலை செய்யவில்லை, எப்போதிலிருந்து, என்ன செய்தபோது என்று நான் வரிசையாகக் கேட்பேன். அதற்குப் பதில் வராது. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் 'முடிந்தது' என்று பச்சை நிறத்தில் ஃபோரமே முத்திரை குத்திப் பதிவை மூடிவிடும். அந்த மாதக் கணக்கில் நான் ஒரு குறையைத் தீர்த்தவள் ஆகிவிடுவேன்.

திருமுல்லைவாயலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் இப்படி மூடினதைப் பார்த்து ஆபீசுக்கே போன் போட்டுவிட்டார். "சார், என்ன பிரச்சினைன்னு நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்" என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் சொன்னது:

"இன்னா மேடம் இது, கம்பெனி வச்சிகினு கீறது நீங்க, இன்னா பிரச்சினைன்னு என்னாண்ட கேக்குறீங்களே!"

ஜெயித்த யோசனை

எங்கள் ஃபோரத்தில் கோளாறு என்றால் ஒரு பகுதி, யோசனை என்றால் இன்னொரு பகுதி. கோளாறை டெவலப்பர்கள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். யோசனைக்கு ஓட்டு விழ வேண்டும். அதிக ஓட்டு வாங்கின யோசனை அடுத்த அப்டேட்டில் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

போன வருடம் ஜெயித்த யோசனை, 'பட்டன்ல எழுத்து வேணாம், படம் போடுங்க, பாக்க ஷோக்கா இருக்கும்' என்பது. சேவ் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு பெட்டிப் படம் வந்தது. டெலீட் என்று எழுதியிருந்த இடத்தில் குப்பைத்தொட்டி. பிரிண்டுக்கு ஒரு பேப்பர் சுருள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானும் கைதட்டினேன். எங்கள் டீம் லீடர் பிரபாகர், கரூரிலிருந்து வந்து அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கிக் குடியேறினவர், கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பாருங்க ஸ்டெல்லா, ஜனங்க கேட்டாங்க, நாம கொடுத்துட்டோம், இதுக்கு மேல என்னங்க வேணும்?"

செல்வத்தின் பதிவு

அந்த அப்டேட் வந்த வாரம், செல்வம் என்பவர் எழுதினார். எங்களுக்குப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவர். அவருக்குக் கண் தெரியாது. போன் திரையில் விரலை வைத்தால் அங்கே இருக்கிற எழுத்தைப் போன் வாசித்துக் காட்டும். ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டே மூன்று வருடமாக அந்தக் கடையின் பில் முழுவதும் அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

வாயால் சொல்லச் சொல்லப் போனே எழுதின பதிவு அது. 'மேடம் வணக்கம். முன்னாடி சேவ் மேல கை வச்சா சேவ்னு சொல்லும். டெலீட் மேல வச்சா டெலீட்னு சொல்லும். இப்ப எல்லா பட்டனும் பட்டன்னுதான் சொல்லுது. கஸ்டமர் பழைய ஆளா இருந்தா பட்டன் ஒண்ணு கூட வருது, புது ஆளா இருந்தா ஒண்ணு கொறையுது, அதனால எண்ணியும் வச்சிக்க முடியல. சேவ்னு நெனச்சி டெலீட்ட அமுக்கிட்டேன். பில்லெல்லாம் போய்ட்டுகீது. ஓனர் திட்டல, ஆனா பேச மாட்டேங்கறார். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.'

எட்டு வருட சர்வீசில் இவ்வளவு தெளிவாக ஒரு கோளாறை யாரும் எனக்கு எழுதிக்கொடுத்ததில்லை. படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைத்தால்தான் போன் அதை வாசிக்கும். எங்கள் ஆட்கள் படத்தைப் போட்டுவிட்டுப் பெயரை எழுத மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த வாரமே முடிந்துவிடும் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டு, சந்தோஷமாக டிபன் பாக்ஸைத் திறந்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் பதிவு கோளாறுப் பகுதியில் இல்லை. யோசனைப் பகுதிக்குப் போயிருந்தது. மாற்றினது பிரபாகர். ஏன் சார் என்று போய் நின்றேன்.

"கோளாறுன்னா எல்லாருக்கும் வரணுங்க, ஒருத்தருக்கு மட்டும் வந்தா அது யோசனை."

உதவிக்கு வந்தவர்கள்

ஓட்டு விழவில்லை. பதில்கள் மட்டும் விழுந்தன. 'எனக்கு நல்லாத்தான் தெரியுது' என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார். 'போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்றார் இன்னொருவர். ஆவடி மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் சேவ் பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டமே போட்டு, 'பச்சை கலர்ல கீது பாருங்க, அதை அமுக்குங்க' என்று அக்கறையாக விளக்கியிருந்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. பதிவை யாரும் கடைசி வரை படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத்தான் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செல்வம் கோபப்படவே இல்லை. மளிகைக் கடைக்காரருக்கு அவர் எழுதின பதில்:

"ரொம்ப தேங்க்ஸ் சார், பச்சை கலரு கை வச்சா எப்டி இருக்கும்னு சொன்னீங்கன்னா கண்டுபுடிச்சிக்குவேன்."

பூசைக்குப் பிறகு ஓட்டுப் பதிவு

ஓட்டுதான் வேண்டுமென்றால் ஓட்டு வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். எங்கள் வீடு கோவில்பதாகையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். அல்ட்டோ குரலில் பாடுகிற பெண்கள் இரண்டு பேர் கண்ணையே துடைத்துக்கொண்டார்கள். ஃபாதர் தாமாகவே பங்கு அலுவலக வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்தார். தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கிற அன்பியத்து ஆட்கள், மறைக்கல்வி டீச்சர்கள், சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறவர் வரை எல்லோரும் வரிசையாக நின்று ஃபோரத்தில் கணக்குத் தொடங்கி ஓட்டுப் போட்டார்கள். ஓட்டோடு கேட்கிற கருத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், முதலில் எழுதினவர் எழுதினதையே பார்த்து எல்லோரும் 'ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக' என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இரண்டு கவளம் கூடவே சோறு இறங்கியது.

ஒரே வைஃபை, ஒரே நேரம், ஒரே வாசகம். திங்கட்கிழமை காலையில் ஃபோரம் அத்தனையையும் கள்ள ஓட்டு என்று தள்ளி, எல்லோர் கணக்கையும் முடக்கிவிட்டது. பதிவைத் தொடங்கினவர் என்பதால் செல்வத்தின் கணக்கும் சேர்ந்து போனது. நான்தான் செய்தேன் என்று பிரபாகரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கணக்கைத் திறக்க ஒரு பரீட்சை இருக்குங்க, அதை அவரே எழுதிப் பாஸ் பண்ணணும்" என்றார். நான் மனிதன்தான், மெஷின் இல்லை என்று நிரூபிக்கிற பரீட்சை. சாயங்காலம் செல்வம் போன் செய்தார்.

"மேடம், நீ மனுஷனான்னு கேக்குது, ஆமான்னா பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடுன்னுது, எதைத் தொட்டாலும் படம் படம்னுதான் மேடம் சொல்லுது."

ஆயுத பூஜை வரைக்கும்

மனசு கேட்காமல் மறுநாள் பாடிக்குப் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி விசாரித்ததும் கடையைக் காட்டிவிட்டார்கள். செல்வம் நாற்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை. நான் பேசின முதல் வார்த்தையிலேயே "ஸ்டெல்லா மேடமா?" என்று எழுந்துவிட்டார்.

ஓனர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். செல்வத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அழிந்துபோன பில்களுக்கெல்லாம் யார் என்ன வாங்கினார்கள் என்று ஒவ்வொரு கஸ்டமராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற சங்கடத்தை மட்டும் சொன்னார். பழைய ஆப்பையே திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, அதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். கடைசியாக அவர் சொன்னது, செல்வமும் கேட்கிற மாதிரிதான்:

"இவர் மேல ஒரு குத்தமும் இல்லம்மா, ஆனா ஆயுத பூஜைக்குப் பொறவு பெயிண்ட் யாவாரம் சூடு பிடிச்சிரும், அதுவரைக்கும்தான் நான் தாங்குவேன்."

டெவலப்பர் விக்னேஷ்

இனி ஃபோரத்தை நம்பிப் பயனில்லை என்று, செல்வத்தை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டேன். படம் போட்ட பட்டன்களைச் செய்த விக்னேஷின் மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். செல்வம் போனை ஸ்பீக்கரில் போட்டுத் திரையில் விரலை நகர்த்தினார். பட்டன். பட்டன். பட்டன். பட்டன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

விக்னேஷ் முகம் செத்துவிட்டது. "சாரி அண்ணே, சாரி அண்ணே" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். செல்வத்துக்கு வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் எல்லாப் படத்துக்கும் பெயர் எழுதி முடித்துவிட்டான். தன் போனில் ஏற்றி அவர் கையில் கொடுத்தான். சேவ் என்றது, டெலீட் என்றது, பிரிண்ட் என்றது. செல்வம் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விக்னேஷ் என்னைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு கேட்டான்:

"இவ்ளோதானாக்கா விஷயம், இதை நீங்க ஃபோரத்துல போட்டிருக்கலாமே?"

பட்டாசு

சரிசெய்தாகிவிட்டது. ஆனால் அது விக்னேஷின் போனில்தான் இருந்தது. கடைகளுக்குப் போக வேண்டுமென்றால் அப்டேட்டோடு சேர்ந்து போக வேண்டும். அடுத்த அப்டேட்டுக்கு அந்த முறை ஓட்டில் ஜெயித்த இன்னொரு யோசனை காத்திருந்தது. சேவ் பண்ணினதும் திரையில் பட்டாசு வெடித்துத் தீபாவளி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பது.

தினமும் பிரபாகரிடம் போய் நின்றேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீசில் பொரிகடலை கட்டிக்கொண்டிருந்தபோதும் கேட்டேன். பாவம், அவரும் மேலிடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"அதை மட்டும் தனியா அனுப்ப முடியாதுங்க ஸ்டெல்லா, பட்டாசு இன்னும் சரியா வெடிக்கல."

நிறைவேறியது

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அப்டேட் போனது. செல்வத்தின் பதிவில் ஃபோரமே பச்சை முத்திரை குத்தி, 'உங்கள் யோசனை நிறைவேறியது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று அவருக்குத் தகவலும் அனுப்பியது. கணக்கு முடங்கினவருக்கு நட்சத்திரம் போட வழியில்லை என்பது ஃபோரத்துக்குத் தெரியாது.

நான் முதலில் கடைக்குத்தான் போன் செய்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள், பில் போடுகிற இடத்திலிருந்துதான் பேசுகிறேன் என்றாள். பின்னால் ஆப்பில் பட்டாசு வெடிக்கிற சத்தம் கேட்டது. ஆப் நன்றாக இருக்கிறதாம். பிறகு செல்வத்தைக் கூப்பிட்டேன். அப்டேட் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"வந்துட்சி மேடம், எல்லா பட்டனும் பேரு சொல்லுது, ஊட்ல உக்காந்துகினு ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டுக் கேட்டுகினு கீறேன்."

எங்கள் ஃபோரத்தில் இதுவரை பதில் கிடைக்காமல் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. பதில் போய்ச் சேருகிற நேரத்தில் அவர் அந்த நாற்காலியில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.